தர்பூசணியைக் குத்திய ஞாயிற்றுக்கிழமை

நான் செய்த கொலைகளுக்கு அளவே கிடையாது. கத்தியால் குத்தியிருக்கிறேன், கழுத்தை முறித்திருக்கிறேன், மாடியிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறேன். ஒரு தடவை முழுப் பேருந்தையே ஆற்றில் கவிழ்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போயிருக்கிறேன். படங்களுக்கு ஓசை போடுவது என் வேலை. திரையில் ஒருவன் இன்னொருவனைக் குத்தும்போது உங்களுக்குக் கேட்கிற அந்தச் 'சதக்', ஈரத் துணி சுற்றிய தர்பூசணியில் இருந்து வருவது. எலும்பு முறிவது கேரட். மண்டை பிளப்பது முட்டைக்கோஸ். ஸ்டூடியோவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாசல் காவலாளி தொடங்கி முதலாளி வரைக்கும் நான் 'கொலைகாரி'தான். காய்கறிக் கடைக்காரர் மட்டும், இந்தப் பெண் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்று எல்லோரிடமும் என்னைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு தம்பி. கேக் கடையில் வேலை. கேக்கின் மேல் க்ரீமில் ரோஜா பிழிவதும், பிறந்தநாள்காரர்களின் பெயரை எழுதுவதும் அவன்தான். சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறிவிட்டால், அதை ஒரு காகிதத்தில் ஏற்றி, ஜன்னலைத் திறந்து, பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை. அவனுக்கு மனச்சிதைவு நோய் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும்போது வந்தது. ஆரம்பத்தில் இரண்டு பேரும் படாத பாடு பட்டோம், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்போது வேளை தவறாமல் மாத்திரை, மாதம் ஒரு முறை டாக்டர் என்று நன்றாக இருக்கிறான். சில நாள் மட்டும் காதுக்குள் ஒருத்தர் வந்து பேசுவார். முன்பெல்லாம் மிரட்டிக்கொண்டிருந்த ஆசாமி. இப்போது வயதாகிவிட்டது போலிருக்கிறது, எதற்கெடுத்தாலும் குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார். க்ரீம் தண்ணியா இருக்கு என்பாராம். சில சமயம் அவர் சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்குமாம்.

சொல்லுங்கள், எங்கள் இரண்டு பேரில் யாரைக் கண்டு பயப்பட வேண்டும்? எங்கள் தெருவே அவனைக் கண்டுதான் பயப்படுகிறது. அவன் படியிறங்குகிற சத்தம் கேட்டால் கீழ்வீட்டம்மா பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவாள். அதே பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போவாள். நான் கையில் சுத்தியலோடு நின்றுகொண்டிருப்பேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யாரைத் திட்டுவது? நான் வேலை பார்க்கிற படங்களிலேயே முக்கால்வாசியில் கொலைகாரனுக்குக் கடைசியில் இந்த வியாதிதான். இடைவேளை வரைக்கும் அவன் ஏன் கொல்கிறான் என்று யாருக்கும் தெரியாது, எழுதியவருக்கும் சேர்த்து. அப்புறம் ஒரு டாக்டர் வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்த வியாதியின் பெயரைச் சொல்வார். அவ்வளவுதான், எல்லாம் விளங்கிவிடும். கதாசிரியருக்கு வேலை மிச்சம். அந்தப் படங்களுக்கும் தர்பூசணி குத்துகிறவள் நான்தான். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

இந்த நிலைமையில் தம்பிக்குக் கல்யாண யோகம் வந்தது. கடையில் கேக் பெட்டிக்கு ரிப்பன் கட்டுகிற பெண். எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயரே ரிப்பன் என்றாகிவிட்டது. எதையும் மறைக்கத் தெரியாத என் தம்பி, முதல் நாள் தேநீர் குடிக்கும்போதே தன் வியாதியைப் பற்றி ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டான். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, தனக்கு ஆஸ்துமா இருக்கிறது, மாவு பறந்தால் மூச்சு வராது, உனக்குப் பரவாயில்லையா என்று கேட்டாளாம். எனக்கு அவளை அன்றைக்கே பிடித்துவிட்டது.

தடை ஒன்றே ஒன்று. அவளுடைய அப்பா. அம்மா இல்லாத பெண், அப்பா வளர்த்த பெண். அவர் மனம் ஒப்பாமல் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அந்த அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற டிரைவிங் மாஸ்டர். பிரேக் எது, ஆக்ஸிலேட்டர் எது என்று தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தே தலைமுடி நரைத்தவர். அவரைச் சுவரில் மோத விட்டிருக்கிறார்கள், சாக்கடையில் இறக்கியிருக்கிறார்கள், ஒரு வங்கி மேலாளர் நேராகத் துணிக்கடைக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். எல்லோரும் நல்ல தெளிவான புத்தி உள்ளவர்கள். அதற்கெல்லாம் அசராத மனுஷன் என் தம்பியின் வியாதியைக் கேட்டதும் ஆடிப்போய்விட்டார். ரிப்பன் அழுது, சாப்பிடாமல் இருந்து, கடைசியில் ஒரே ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்று சம்மதிக்க வைத்தாள். பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்கப்புறம் பேச்சே கூடாது. அவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு வருவார். என் தம்பியின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வருகையில் வந்து நின்றது.

அந்த வாரம் நான் அவனுக்குச் சிரிப்புப் பயிற்சி கொடுத்தேன். மாத்திரை சாப்பிடுவதால் அவன் முகம் கொஞ்சம் இறுகியிருக்கும்; உள்ளே சந்தோஷமாக இருந்தாலும் வெளியே தெரிய நேரமாகும். அதனால் கண்ணாடி முன்னால் நிற்க வைத்து, உதட்டை எவ்வளவு விரிப்பது, எத்தனை பல் தெரியலாம், எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று தினமும் சொல்லிக்கொடுத்தேன். அவனும் சிரத்தையாகச் செய்தான். யார் வந்தாலும் முதலில் சிரி, பேச்சு அப்புறம். இது நான் போட்ட சட்டம்.

ஞாயிறு மதியம் எடிட்டர் போன் செய்தார். கடைசிக் காட்சியை வெட்டி ஒட்டியதில் கொலை நீண்டுவிட்டது, சத்தம் போதவில்லை, ஸ்டூடியோவில் கரண்ட் இல்லை, சாயங்காலத்துக்குள் வீட்டிலிருந்தே ஒரு கொலை அனுப்பு என்றார். இன்றைக்கு வீட்டில் விசேஷம், என்னால் ஆகாது என்று கத்தினேன். அந்தக் கத்தலும் வேண்டும் என்றார். சாகிற பெண்ணின் அலறலை இப்போதைக்கு நீயே போட்டுவிடு, பிறகு நல்ல குரலாக ஒன்றை வைத்து மாற்றிக்கொள்ளலாம் என்றார். அந்த 'நல்ல குரலாக' இன்னும் என் நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கிறது.

சரி, ஐந்து மணிக்குத்தானே வருகிறார், அதற்குள் கொன்று முடித்துக் குளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். குளியலறையில் சுவரோடு மெத்தைகளைச் சாய்த்து, மைக்கைக் கட்டித் தொங்கவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தம்பி சமையலறையில் வருங்கால மாமனாருக்காகக் கேக் செய்துகொண்டிருந்தான். படபடப்பாக இருக்கும் நாளில் அவனும் ஹெட்போனில் பாட்டு கேட்பான். காதுக்குள் இருக்கிற குறைக்காரர் அப்போதுதான் வாயை மூடுவாராம். ஆக, வீட்டில் இருந்த நாலு காதும் அடைத்துக் கிடந்தன. வாசல் கதவை, அடுப்புச் சூடு வெளியே போகட்டும் என்று நானே திறந்து வைத்திருந்தேன்.

மாஸ்டர் நாலு மணிக்கே வந்துவிட்டார். சொன்ன நேரத்துக்குப் போனால் எல்லாவற்றையும் துடைத்து மறைத்து வைத்திருப்பார்கள், திடீரென்று போனால்தான் உள்ளது தெரியும் என்று யோசித்தாராம். மணியை அழுத்தியிருக்கிறார், யாரும் வரவில்லை. உள்ளே காலை வைத்தார். குளியலறையிலிருந்து ஒரு பெண், "வேண்டாம், என்னை விட்டுடு, நான் உனக்கு என்ன பண்ணேன்" என்று அலறுவது கேட்டது. அப்புறம் சதக். அப்புறம் சதக் சதக். கடைசியில் உயிர் அடங்குகிற சத்தம். அது ஈரத் துண்டை மெதுவாகப் பிழிந்தால் வருவது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான், ஆனால் சொல்கிறேன், அது நான் செய்ததிலேயே அருமையான கொலை.

சரியாக அந்த நேரத்தில் சமையலறையிலிருந்து தம்பி வெளியே வந்தான். வெள்ளை ஏப்ரன், அதன் மேல் ஸ்ட்ராபெரி ஜாம். எதிரே மாமனார் நிற்பதைப் பார்த்தான். சட்டம் ஞாபகம் வந்தது. சிரித்தான்.

வாசல் கதவு சுவரில் மோதிய அதிர்வு என் ஹெட்போனையும் தாண்டி வந்தது. எடுத்த ஓசை கெட்டுப்போச்சே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். தம்பி கூடத்தின் நடுவில் நின்றிருந்தான். சிரிப்பு இன்னும் முகத்திலேயே இருந்தது.

"அக்கா, அவர் வந்தாரு. நான் சிரிச்சேன். போயிட்டாரு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் கால் மட்டும் ஓடியது. முழங்கை வரைக்கும் சிவப்புச் சாறு வழிய, கையில் கத்தி இருப்பதுகூட உறைக்காமல், படியிறங்கித் தெருவில் ஓடினேன். மாஸ்டர், நில்லுங்க மாஸ்டர் என்று கூவிக்கொண்டே ஓடினேன். தெருவில் நல்ல கூட்டம். எல்லோரும் வழிவிட்டார்கள். ஒருவர் என்னம்மா ஆச்சு என்று பதறினார். இன்னொருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கீழ்வீட்டம்மா மட்டும் என் கத்தியைப் பார்த்தாள், சிவப்பைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், "பாவி, உன் தம்பி என்னடி பண்ணான் உன்னை" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

மாஸ்டர் பிடரியில் கால்பட ஓடிக் காருக்குள் ஏறியிருந்தார். நியாயமாகப் பார்த்தால் கத்தியோடு ஒருத்தி துரத்தி வரும்போது எந்த மனுஷனும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு பறந்திருப்பான். அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறும்மா. சீக்கிரம். அவன் வர்றதுக்குள்ள ஏறிடு."

உள்ளே ஏறினால் விளக்கிச் சொல்லித் திருப்பி அழைத்து வந்துவிடலாம் என்று நினைத்து நானும் ஏறினேன். அவர் கதவுகளைப் பூட்டினார். பெல்ட் போடும்மா என்றார். போட்டேன். கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், கையை வெளியே நீட்டினார், வண்டியை எடுத்தார். கொலைகாரனிடமிருந்து தப்பி ஓடும்போதும் அந்த மனுஷன் முப்பதைத் தாண்டவில்லை.

நான் சொன்னேன், அது கொலை இல்லை, தர்பூசணி. அவர் தலையாட்டினார். என் தம்பி கேக் செய்துகொண்டிருந்தான் என்றேன். அதற்கும் தலையாட்டினார். குத்தினது நான்தான் என்று சத்தியம் செய்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூடப் பிறந்தவள் இல்லையா, நீ இப்படித்தான் பேசுவாய் என்றார். இந்தக் கத்தியை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடிவர எவ்வளவு தைரியம் வேண்டும் என்று என்னைப் பாராட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் காலடியில் கிடந்த ஒரு கட்டையை மிதித்தேன். கார் குலுங்கி நின்றது. கற்றுக்கொடுக்கிற கார் அல்லவா, பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் இருக்கிறது. அப்புறமென்ன, அவர் எடுப்பார், நான் மிதிப்பேன், அவர் எடுப்பார், நான் மிதிப்பேன். ஊரே பார்க்க விக்கிக்கொண்டே போனோம். அவர் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. பதட்டப்படாதம்மா, மூச்சை இழுத்து விடு, காலை மெதுவா எடு என்று, காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வந்தவளிடம் பேசுகிற மாதிரியே பேசினார். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர் என் மடியிலிருந்த கத்தியைப் பார்த்து விழித்தார். மாஸ்டர் கண்ணாடியை இறக்கி, ஒன்றும் பயமில்லை, இந்தம்மா தப்பி வந்தவங்க என்று விளக்கம் சொன்னார்.

காவல் நிலையத்தில் அதிகாரியாக இருந்தது ஒரு பெண். நல்லவள்தான், என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டாள். மாஸ்டர் நடந்ததைச் சொன்னார். இரண்டு காவலர்களைக் கிளம்பச் சொன்னாள். அந்தப் பையனுக்கு மனச்சிதைவு நோய் என்று மாஸ்டர் சொன்னதும், நாலு பேராகப் போங்க, தடி எடுத்துக்கோங்க என்றாள். அவன் என்ன எடை, என்ன உயரம், கோபம் வருமா என்று ஒன்றும் கேட்கவில்லை. வியாதியின் பெயருக்கே இரண்டு ஆள் கூடிவிட்டது.

ஜீப் கிளம்பிப் போன சத்தம் கேட்டது. அதுவரை கல்யாணம் நின்றுவிடுமே என்றுதான் கவலை. இப்போது வேறு பயம். தடியோடு நாலு பேர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைவார்கள், என் தம்பி சிரிப்பான். எழுந்து நின்று கத்தினேன். நான்தான் குத்தினேன், என்னைப் பிடியுங்கள், ஜீப்பைத் திருப்பிக் கூப்பிடுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். அதிகாரியம்மா என் தோளைத் தட்டி உட்கார வைத்து டீ வரவழைத்தாள். டீயை வாங்குவதற்காகக் கத்தியை மேஜை மேல் வைத்தேன். ஒரு காவலர் அதை எடுத்து, பிடியை என் பக்கம் திருப்பி, பணிவாக நீட்டினார்.

"உங்க கத்திம்மா. மறந்து வச்சுட்டுப் போயிடப் போறீங்க."

இதற்கு மேல் வாயால் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று முடிவு செய்தேன். எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பி நில்லுங்கள் என்றேன். அதிர்ச்சியில் இருக்கிறவள் சொல்வதைத் தட்டக் கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ, திரும்பி நின்றார்கள். தரை துடைக்கிற ஈரத் துணியை எடுத்தேன். யாருடைய சாப்பாட்டுப் பையிலோ இருந்து நீட்டிக்கொண்டிருந்த வெள்ளரிக்காயை எடுத்தேன். ஒரு காவலர் கழற்றிப் போட்டிருந்த பூட்ஸை எடுத்தேன். முதலில் பூட்ஸ், மாடிப்படி ஏறுகிற மாதிரி, ஒவ்வொரு அடியாக. அப்புறம் ஒரு கதவு திறக்கிற கிறீச், அது நாற்காலி. அப்புறம் அலறல். அப்புறம் துணியைச் சுற்றி வெள்ளரிக்காயை முறித்துக் கத்தியை இறக்கினேன். லாக்கப்பில் இருந்த பிக்பாக்கெட், கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, ஸ்டேஷனுக்குள்ளேயே ஆளைப் போட்டுத்தள்ளுறாங்க, என்னைக் காப்பாத்துங்க என்று ஓலமிட ஆரம்பித்தான்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் மூச்சு வாங்க நின்றேன், கையில் அரை வெள்ளரிக்காய். அதிகாரியம்மா திருதிருவென்று விழித்தாள். பிறகு சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வெள்ளரிக்காய்க்குச் சொந்தக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. உடனே ஜீப்புக்குப் போன் போட்டார்கள். யாரும் எடுக்கவில்லை.

மாஸ்டர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது. தப்பு என்னுடையதுதான் என்று இரண்டு தடவை சொன்னார்.

"ஆனாலும்மா, அந்தச் சிரிப்பு. அது என் கண்ணை விட்டுப் போக மாட்டேங்குது. ஒரே பொண்ணும்மா எனக்கு."

சிரிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்றேன். கேட்டுக்கொண்டார். சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லத்தான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது ஜீப் வந்து நின்றது. அதன் பின்னாலேயே ஸ்கூட்டரில் ரிப்பன். ஐந்து மணி என்று நம்பி எங்கள் வீட்டுக்கு வந்தவள், ஜீப்பைப் பார்த்துவிட்டுத் துரத்திக்கொண்டு வந்திருக்கிறாள். இறங்கியதும் இழுப்பானை வாயில் வைத்து இழுத்துக்கொண்டே அப்பாவை முறைத்தாள். ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து காவலர்கள் நாலு பேரும் இறங்கினார்கள். நடுவிலிருந்து என் தம்பி இறங்கினான். கையில் கேக். விலங்கு இல்லை, அடி இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. நான் ஓடிப்போய் அவனைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தேன். அவன் கேக்கு, கேக்கு என்று அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

என்ன நடந்தது என்று கேட்டதற்கு அந்தக் காவலர்களே கொஞ்சம் சங்கடமாக நெளிந்தார்கள். கதவு திறந்தே இருந்ததாம். அவன் சோபாவில் உட்கார்ந்திருந்தானாம். அதைக் கேட்டுவிட்டு மாஸ்டர் முதல் முதலாக அவனிடம் நேராகப் பேசினார். உங்க அக்கா என் பின்னால் ஓடிவந்ததைப் பார்த்தீர்களே, ஏன் ஒரு சத்தம் போடவில்லை, ஏன் பின்னாலேயே ஓடிவரவில்லை, வந்து விஷயத்தைச் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காதே என்றார். குற்றம் சொல்கிற தொனி இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

தம்பி கேக்கைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

"நான் ஓடறதில்லைங்க. அக்கா ஓடலாம், கத்தியோடகூட ஓடலாம், என்னாச்சுன்னு கேப்பாங்க. நான் ஓடினா கேக்க மாட்டாங்க, அடிப்பாங்க. பஸ் போனாக்கூட அடுத்த பஸ்ஸுக்கு நின்னுடுவேன். நீங்க அப்படிப் போனதுமே போலீஸ் வரும்னு தெரிஞ்சுது. அதான் கை ரெண்டும் தெரியற மாதிரி மடியில வச்சு உக்காந்துட்டேன்."

நான் அவனோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், அவன் எந்தப் பாட்டுக்குத் தலையாட்டுவான் என்பது வரைக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் ஓடுவதில்லை என்பது எனக்குத் தெரியாது. அதிகாரியம்மா மேஜை மேல் இருந்த எதையோ நகர்த்தி வைத்தாள். தடி கொண்டுபோன காவலர்களில் ஒருவர் அதை மெதுவாகக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு வந்தார்.

மாஸ்டர் வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போனாரோ, அதற்குள் வெளியே இரும்புச் சங்கிலி இழுபடுகிற சத்தம் கேட்டது. சத்தம் என் தொழில், எட்டிப் பார்க்காமலே எனக்குப் புரிந்துவிட்டது. என்னைக் காப்பாற்றுகிற அவசரத்தில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, மாஸ்டர் வண்டியை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். இழுவை வண்டிக்காரன் அதை மூக்கில் கொக்கி போட்டுத் தூக்கிக் கிளம்பிவிட்டான்.

மாஸ்டர் அலறியடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினார். ஒரு செருப்பு கழன்று பின்தங்கியது. சாலைக்குப் போவதற்குள் முழங்கால் ஒத்துழைக்கவில்லை; தூணைப் பிடித்து நின்றுகொண்டு திரும்பிக் கை வீசினார்.

"மாப்பிள்ளை, நீங்க ஓடுங்க. வண்டியைப் பிடிங்க."

என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. ரிப்பன் என் கையைப் பிடித்து நசுக்கினாள். தம்பி வாசற்படி வரைக்கும் வேகமாக வந்தான். வந்து, நின்றுவிட்டான். ஒரு பக்கம் காவலர்கள், எதிரே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மொய்க்கிற சாலை. அவன் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்குவது எனக்குத் தெரிந்தது. இழுவை வண்டி தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

மாஸ்டர் அவனைப் பார்த்தார். வண்டியைப் பார்க்கவில்லை. நொண்டிக்கொண்டே திரும்பி வந்து படியேறினார். அவன் கையிலிருந்த கேக்கை வாங்கி என்னிடம் கொடுத்தார். அவன் கையைப் பிடித்தார், நன்றாக, விரலுக்குள் விரல் கோத்து.

"வாங்க. நானும் கூட ஓடி வர்றேன். எவன் என்ன கேக்கறான்னு நான் பாத்துக்கறேன்."

ஓடினார்கள். ஏப்ரன் ஒரு பக்கம் பறக்க, மாஸ்டரின் ஒற்றைச் செருப்பு டப் டப் என்று அடிக்க, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார்கள். ஒருத்தர் பயந்து ஒதுங்கினார். மாஸ்டர் ஓடிக்கொண்டே அவரிடம், என் மாப்பிள்ளைங்க, என் வண்டிங்க என்று கத்தினார். முதலில் அவர்தான் இழுத்துக்கொண்டு போனார். கொஞ்ச தூரம் போனதும் தம்பியின் முதுகு நிமிர்ந்தது, கால் நீண்டது, அவன் அவரை இழுத்துக்கொண்டு போனான். நான் கேக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தேனா அழுதேனா என்று ரிப்பனைத்தான் கேட்க வேண்டும், அவளும் அதே லட்சணத்தில்தான் நின்றாள். சாலை முனையில் சிவப்பு விளக்கு விழுந்து இழுவை வண்டி நின்றுவிட்டது. தம்பி நிற்கவில்லை. அதைத் தாண்டி, சிக்னலைத் தாண்டி, அவன் ஓடிக்கொண்டே இருந்தான், மாஸ்டரும் கையை விடவில்லை.